பழைய இரத்த உறைவுக்குப் பின் மாதவிடாய் நிறுத்த ஹார்மோன் சிகிச்சை: ஒரு நிகழ்வு ஆய்வு

மாதவிடாய் நின்றபின் வரும் உடல் தகிப்புக்கும் இரவு வியர்வைக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலப் பலன் தரும் மருந்து வேறில்லை. ஆனால் ஒருமுறை காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த பெண்ணிடம் அந்த மருந்தின் பெயரைச் சொல்லவே மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆயினும் அது அப்படியே நிரந்தரத் தடையாக மாறும்போது, எந்த வகை உறைவு, எந்த ஹார்மோன், எந்த வழியில் உடலுக்குள் செல்கிறது என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே போகின்றன. அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்த நிகழ்வு இது. தமிழ்நாட்டின் டெல்டா பகுதியில் ஒரு மகப்பேறு மற்றும் பெண்கள் நலப் பிரிவில் நடந்தது. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதப்பட்டுள்ளது.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 48. உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய், இரண்டும் சுகப்பிரசவம். மாதவிடாய் 46 வயதில் தானாக நின்றிருந்தது. மேலை நாடுகளில் இதன் சராசரி வயது 51 எனக் கொள்ளப்பட்டாலும், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுவது வழக்கம் என்பதால் இதில் அசாதாரணம் ஏதுமில்லை. கருப்பை அகற்றப்படவில்லை. இரத்த அழுத்தம் 128/80. உடல் நிறைக் குறியீட்டெண் 27. சர்க்கரை நோய் இல்லை. புகை, மது இல்லை. மார்பகப் புற்றுநோய் அவருக்கும் இல்லை, குடும்பத்திலும் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் இரண்டு மருத்துவர்களைப் பார்த்திருந்தார். ஒருவர், காலில் முன்பு இரத்தம் உறைந்தது என்று கேட்டவுடன், ஹார்மோன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லி, சோயாச் சாற்று மாத்திரையும் உறக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதியிருந்தார். இன்னொருவர் பழைய உறைவைப் பற்றி விசாரிக்காமல், நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் எஸ்ட்ராடியால் வாலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதியிருந்தார். அந்தச் சீட்டை அவர் மருந்துக் கடைக்குக் கொண்டு போகவில்லை. முன்பு மருத்துவமனையை விட்டு வந்தபோது ஒருவர் சொன்ன எச்சரிக்கை நினைவில் இருந்ததால் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது கருத்துக்காக வந்திருந்தார்.

முதல் சந்திப்பில் தெரியவந்தவை

ஒரு நாளில் 10 முதல் 12 முறை மார்பிலிருந்து முகம் வரை அனல் ஏறுவது போலத் தகிப்பு. தொடர்ந்து வியர்த்துக் கொட்டுதல். இரவில் மூன்று, நான்கு முறை எழுந்து உடை மாற்றும் நிலை. வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போது சேலை நனைந்துவிடுவதால் பிள்ளைகள் முன் நிற்கவே கூசுகிறது என்றார். பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெறும் எண்ணம் வரை போயிருந்தார். தைராய்டு அளவும் இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் இயல்பாக இருந்தன. காசநோய்க்கான அறிகுறிகளும் இல்லை. நம் ஊரில் இரவு வியர்வை என்று கேட்டவுடன் இவற்றை விலக்கிவிட்டுத்தான் மாதவிடாய் நிறுத்தத்தின் மேல் பழியைப் போட வேண்டும்.

பிறப்புறுப்பு வறட்சியையும் உடலுறவின்போது வலியையும் அவராகச் சொல்லவில்லை. மூன்றாம் சந்திப்பில், கணவர் வெளியே இருந்த நேரத்தில், நேரடியாகக் கேட்டபின்தான் சொன்னார். இரண்டாண்டுகளாக இருந்த தொல்லை அது.

பழைய உறைவின் வரலாறு

இந்த நிகழ்வின் திருப்பம் இங்கேதான் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 39 வயதில், இடது காலில் முழங்காலின் பின்புறச் சிரையிலும் தொடைச் சிரையின் கீழ்ப்பகுதியிலும் இரத்தம் உறைந்திருந்தது. ஹெப்பாரின் ஊசிக்குப் பின் ஆறு மாதங்கள் அசெனோகூமரால் என்ற உறைதடுப்பு மாத்திரை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நுரையீரலுக்கு உறைவு சென்றதற்கான அறிகுறி எதுவும் பதிவாகவில்லை. வெளியேறும்போது கொடுத்த சுருக்கத்தில் காரணம் என்ற இடத்தில் ‘அறியப்படவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது.

அந்த ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதை இங்கே சொல்ல வேண்டும். காரணமின்றி வந்த உறைவு, மருந்தை நிறுத்தியபின் முதலாண்டில் நூற்றில் ஏறத்தாழ 10 பேருக்கும், ஐந்தாண்டுகளுக்குள் 25 பேருக்கும் மீண்டும் வருகிறது. பெரிய அறுவை சிகிச்சை போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த உறைவு மீண்டும் வரும் வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு. ஆக, ‘காரணம் அறியப்படவில்லை’ என்ற குறிப்பை அப்படியே ஏற்றுக்கொண்டால், இந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் உறைதடுப்பு மருந்து எடுக்க வேண்டியவரா என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

எனவே உறைவுக்கு முந்தைய மூன்று மாதங்களை வாரம் வாரமாக விசாரித்தோம். பயணம், காய்ச்சல், படுக்கையில் கிடந்த நாட்கள், ஊசி, மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது இரண்டு செய்திகள் வந்தன. கால் வீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் படியில் தவறி இடது கணுக்காலில் எலும்பு விரிசல் ஏற்பட்டு, நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு நடமாடாமல் இருந்திருக்கிறார். மருத்துவமனையில் கடிந்துகொள்வார்கள் என்று அஞ்சி, அனுமதிக்கப்பட்டபோது அதைச் சொல்லவில்லை. கட்டு அதற்குள் அவிழ்க்கப்பட்டிருந்தது. அதே நாட்களில் நெருங்கிய உறவில் ஒரு திருமணம் இருந்ததால், மாதவிலக்கைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு மூன்று வேளையாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சாப்பிட்டிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, சீட்டு இல்லை.

“ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லைன்னுதான் எல்லா டாக்டர்கிட்டயும் சொன்னேன். இது விசேஷத்துக்குத் தள்ளிப்போடுற மாத்திரைதானே டாக்டர், இதுவும் ஹார்மோனா?” என்று அவர் கேட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை. கோயில் திருவிழா, கல்யாணம், யாத்திரை என்று இந்த மாத்திரை நம் வீடுகளில் அவ்வளவு சாதாரணமாகப் புழங்குவதால் அது மருந்துக் கணக்கிலேயே சேர்வதில்லை. உடலுக்குள் சென்ற நோரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பகுதி எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை எடுக்கும்போது, 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால் கொண்ட கருத்தடை மாத்திரையை விழுங்கியதற்கு ஏறக்குறைய நிகராகிறது. கட்டுப்போட்ட காலும் இந்த மாத்திரையும் ஒரே நேரத்தில் சேர்ந்ததுதான் உறைவுக்குக் காரணம் என்று கொள்ள இடமிருந்தது.

இந்த வரலாறு இரண்டு திசைகளில் பேசியது. உறைவு தற்காலிகக் காரணங்களால் வந்தது என்பதால், அது தானாக மீளும் அபாயம் முன்பு எண்ணியதைவிடக் குறைவு. அதே வேளையில், வாய்வழி ஹார்மோன் இருந்த சூழலில் உறைந்த உடல் இது. ஆகவே அதே வகைத் தூண்டுதலை மீண்டும் கொடுப்பதற்கு இன்னும் வலுவான தடை. முதல் செய்தியை மட்டும் கேட்டு மகிழ்வது ஆபத்து என்பதை எங்களுக்குள் பலமுறை சொல்லிக்கொண்டோம்.

பரிசோதனைகள்

இரண்டு கால்களுக்கும், சிரைகளில் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப்பட்டது. புதிய உறைவு இல்லை. இடது முழங்கால் பின்புறச் சிரையின் சுவர் தடித்தும், அதன் வால்வுகள் சற்றுப் பழுதடைந்தும் இருந்தன. அந்தத் தழும்பின் தடிமனையும் சிரையை அழுத்தும்போது அது எவ்வளவு மடங்குகிறது என்பதையும் அளந்து எழுதித் தரும்படி கதிரியக்க மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். பின்னால் இதுவே பெரிய துணையாயிற்று.

அவர் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக உறைதடுப்பு மருந்து எதுவும் எடுக்காததால், ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், புரதம் சி, புரதம் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றை மருந்தின் குறுக்கீடு இல்லாமல் பார்க்க முடிந்தது. எல்லாம் இயல்பு. இவற்றுள் மிக முக்கியமானது முதலாவதுதான். உறைவைத் தூண்டும் அந்த எதிர்ப்பொருள் இருப்பது உறுதியாகியிருந்தால் ஹார்மோன் பற்றிய ஆலோசனை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எல்லாச் சோதனைகளும் இயல்பு என்பதற்கு அபாயமே இல்லை என்று பொருளல்ல. இரத்தம் உறைவதற்கான பரம்பரைக் காரணங்கள் பலவற்றை நாம் சோதிப்பதே இல்லை. அவரிடமும் இதை இப்படியே விளக்கினோம்.

மேமோகிராம் இயல்பாக இருந்தது. கருப்பை உள்வரியின் தடிமன் 3 மில்லிமீட்டர். முதுகெலும்பின் அடர்த்தி அளவீடு −2.1, எலும்புப்புரைக்கு ஒரு படி முன்னால்.

ஹார்மோன் அல்லாத சிகிச்சை

வரலாறும் பரிசோதனைகளும் முடிவதற்குள்ளாகவே மனச்சோர்வுக்குத் தரப்பட்டாலும் தகிப்பையும் தணிக்கும் வெனலாஃபாக்சின் மருந்தை 37.5 மில்லிகிராமில் தொடங்கி 75 மில்லிகிராமாக உயர்த்தியிருந்தோம். எட்டு வாரங்களில் பகல் தகிப்பு 12-லிருந்து 7 ஆகக் குறைந்தது. ஆனால் குமட்டல் நீங்கவில்லை, உறக்கமும் திரும்பவில்லை. அடுத்து, இரவில் கேபாபென்டின் 300 மில்லிகிராம். உறக்கம் வந்தது, காலையில் தலைசுற்றலும் மந்தமும் வந்தன. முதல் பாடவேளையில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னபின் அதை நிறுத்தினோம். உறைவு வரலாறு உள்ள ஒருவர் கீழே விழுந்து காலில் மீண்டும் கட்டுப் போட்டுக்கொள்வது எவ்வகையிலும் விரும்பத்தக்கதல்ல.

பிறப்புறுப்பு வறட்சிக்குக் குறைந்த அளவு எஸ்ட்ரியால் களிம்பு உள்ளே வைக்கக் கொடுத்தோம். இது இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவைக் குறிப்பிடத்தக்க வகையில் உயர்த்துவதில்லை. உறைவு அபாயத்தைக் கூட்டியதற்கான சான்றும் இல்லை. ஆறு வாரங்களில் வலி நீங்கியது. பழைய உறைவைக் காரணம் காட்டி இந்தக் களிம்பையும் மறுப்பது பல இடங்களில் நடக்கிறது. அதற்கு அடிப்படை இல்லை.

மூன்று மாத முடிவில் தகிப்பு பாதியாகக் குறைந்திருந்தாலும் உறக்கமும் பணியும் சீராகவில்லை. ஹார்மோன் கொடுக்கலாமா என்ற கேள்வி அப்போதுதான் முறையாக எழுந்தது. இரத்தவியல் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து ஆலோசித்தோம்.

சான்றுகளை எடைபோட்டது

வாய்வழி ஹார்மோனைப் பற்றிய சான்று தெளிவானது. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடத்தி 2002-ல் நிறுத்தப்பட்ட மகளிர் நல முன்முயற்சி ஆய்வில், குதிரைச் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனையும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோனையும் மாத்திரையாக எடுத்தவர்களுக்குச் சிரை உறைவு ஏறத்தாழ இரண்டு மடங்காகியது. எங்கள் நோயாளிக்கு இன்னும் நெருக்கமானது நார்வேயில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வு. முன்பே உறைவு வந்த 140 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு 2 மில்லிகிராம் எஸ்ட்ராடியாலும் 1 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் அசிடேட்டும் சேர்ந்த மாத்திரையும், மற்றொரு பிரிவுக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் எட்டுப் பேருக்கும் எடுக்காதவர்களில் ஒருவருக்கும் உறைவு வந்தது. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அவரது கைப்பையில் இருந்த சீட்டில் எழுதியிருந்ததும் நாளுக்கு 2 மில்லிகிராம் வாய்வழி எஸ்ட்ராடியால்தான். அதை அவர் வாங்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்பதை இந்த எண்கள் சொல்லும்.

ஏன் வாய்வழி மட்டும் இப்படி? விழுங்கிய ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் சென்று, அங்கே செறிவாகச் செயல்படுகிறது. உறைதலுக்கான புரதங்கள் சில கூடுகின்றன. உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின், புரதம் எஸ் போன்றவை குறைகின்றன. தோல்வழியாகச் செல்லும் எஸ்ட்ராடியால் முதலில் பொது இரத்த ஓட்டத்தில் கலப்பதால், கல்லீரலை அந்தச் செறிவில் சென்று தாக்குவதில்லை. அதே மூலக்கூறுதான், வாய்க்கால் மாறியதும் பாயும் வயல் மாறிவிடுகிறது.

பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வு 2007-ல் தந்த முடிவுகளில், ஹார்மோன் எடுக்காதவர்களோடு ஒப்பிட வாய்வழி ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களுக்கு உறைவு அபாயம் 4.2 மடங்கு, தோல்வழி எடுத்தவர்களுக்கு 0.9 மடங்கு, அதாவது உயர்வில்லை. கருப்பை உள்வரியைக் காக்க உடன் கொடுக்கும் இரண்டாவது ஹார்மோனிலும் வேறுபாடு தெரிந்தது: நுண்ணியதாக்கிய இயற்கைப் புரோஜெஸ்டிரோன் அபாயத்தைக் கூட்டவில்லை, நார்பிரெக்னேன் வகைச் செயற்கை மருந்துகள் ஏறத்தாழ நான்கு மடங்காக்கின. 2019-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான, 80,000-க்கும் மேற்பட்ட உறைவு நோயாளிகளின் பதிவுகளைக் கொண்ட ஆய்வும் தோல்வழி மருந்தில் அபாய உயர்வைக் காணவில்லை. ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒருமுறையும் உறைவு வராத பெண்கள். முன்பே உறைவு வந்த 1,023 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பிரெஞ்சு ஆய்வு 2011-ல் வெளியாயிற்று: வாய்வழி எடுத்தவர்களுக்கு மீளும் அபாயம் 6.4 மடங்கு, தோல்வழி எடுத்தவர்களுக்கு 1.0.

இந்த 1.0 என்ற எண்ணில் மயங்கிவிடக் கூடாது என்று இரத்தவியல் மருத்துவர் எச்சரித்தார். அதன் நம்பக வரம்பு 0.4 முதல் 2.4 வரை நீள்கிறது. அபாயம் இரண்டு மடங்காகியிருக்கவும் அந்தத் தரவில் இடமுண்டு. மேலும் இது குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ஆய்வல்ல. மருத்துவர்கள் அபாயம் குறைந்தவர்களாகப் பார்த்துத் தோல்வழி மருந்தைக் கொடுத்திருக்கலாம். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளிலோ, முன்பு சிரை உறைவு வந்தவர்கள் எடுக்கக் கூடாது என்றுதான் ஜெல்லுக்கும் அச்சிடப்படுகிறது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டல், வழக்கமான அளவில் தோல்வழி ஹார்மோன் உறைவு அபாயத்தைக் கூட்டுவதில்லை என்று கூறி, அபாயம் மிகுந்த பெண்களை இரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பிய பின் முடிவெடுக்கச் சொல்கிறது. எங்கள் வழி அதை ஒட்டியே அமைந்தது.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

மூன்று வழிகள் முன் இருந்தன: ஹார்மோன் இன்றியே தொடர்வது; உறைதடுப்பு மருந்து இல்லாமல் தோல்வழி ஈஸ்ட்ரோஜன் கொடுப்பது; தோல்வழி ஈஸ்ட்ரோஜனோடு உறைதடுப்பு மருந்தும் சேர்ப்பது. மூன்றாவது வழிக்கும் ஓர் ஆதாரம் உண்டு. உறைதடுப்பு மருந்து எடுத்துவந்த பெண்களிடம் ஹார்மோன் மீள் உறைவைக் கூட்டவில்லை என்று 2016-ல் ஓர் அலசல் காட்டியது. ஆனால் அவர்கள் எப்படியும் அந்த மருந்து தேவைப்பட்டவர்கள். எங்கள் நோயாளிக்குத் தனியாக அது தேவைப்படவில்லை. ஜெல்லுக்காக அதைச் சேர்த்தால், இரத்தக்கசிவு என்ற புதிய அபாயத்தை உறுதியாகச் சுமத்துவோம். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் இருந்திருந்தாலோ, உறைவு இருமுறை வந்திருந்தாலோ, நுரையீரலைத் தொட்டிருந்தாலோ எங்கள் எடைபோடல் வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது வழியைத் தேர்ந்தோம். தோலில் தடவும் எஸ்ட்ராடியால் ஜெல், நாளொன்றுக்கு 0.75 மில்லிகிராம், வழக்கமான அளவில் பாதி. கருப்பை இருப்பதால் உள்வரியைக் காக்க நுண்ணியதாக்கிய புரோஜெஸ்டிரோன் 100 மில்லிகிராம், தினமும் படுக்கைக்குப் போகும்போது. அது தரும் இலேசான உறக்கக் கலக்கம் அவருக்கு நன்மையாகவே அமையும் என்று எதிர்பார்த்தோம். ஒட்டும் பட்டையைத் தேர்ந்தெடுக்காததற்கு, வியர்வையில் அது கழன்றுவிடும் என்பது ஒரு காரணம். தினமும் மாலைக் குளியலுக்குப் பின் உலர்ந்த தோலில், கையின் மேற்பகுதியிலோ தொடையிலோ தடவி, காய்ந்தபின் உடுத்தும்படியும், எண்ணெய் தேய்த்த இடத்தில் தடவ வேண்டாம் என்றும், கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தோம்.

முடிவை அவரும் கணவரும் சேர்ந்து கேட்ட பின்னரே எடுத்தோம். மருந்துத் தாளில் என்ன அச்சிட்டிருக்கிறது, அதை மீறி நாங்கள் ஏன் யோசிக்கிறோம், எந்தச் சான்று பலவீனமானது என்பதைத் தமிழில் எழுதி, வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் யோசிக்கச் சொன்னோம். ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுக்கும்போது நெஞ்சுவலி: இவற்றில் எது வந்தாலும் ஜெல்லை நிறுத்திவிட்டு அன்றே வர வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கையெழுத்திட்டுத் தொடங்கினார். வெனலாஃபாக்சினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

தொடர்ந்து நடந்தவை

ஆறாவது வாரத்தில் தகிப்பு நாளுக்கு மூன்றாகக் குறைந்தது. இரவில் ஒருமுறைக்கு மேல் எழவில்லை. அளவைக் கூட்டலாமா என்று அவர் கேட்டார். குறைந்த அளவிலேயே பலன் கிடைக்கும்போது கூட்டுவதற்குக் காரணமில்லை என்று மறுத்தோம்.

மூன்றாம் மாதம் அவரது ஊர் மருந்துக் கடையில் ஜெல் கிடைக்கவில்லை. கடைக்காரர் எஸ்ட்ராடியால் மாத்திரையை எடுத்து வைத்து, “மருந்து இதேதாங்க, தடவுறதுக்குப் பதிலா முழுங்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். அவர் வாங்காமல் எங்களுக்குத் தொலைபேசியில் கேட்டார். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெயரைப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். ஆனால் இந்த நோயாளிக்கு நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து அந்த ஒரு நிமிடத்தில்தான் இருந்தது. அன்றிலிருந்து அவரது சீட்டின் மேல் ‘வாய்வழி ஈஸ்ட்ரோஜன் தரக் கூடாது, மாற்று மருந்து தர வேண்டாம்’ என்று தமிழில் எழுதுகிறோம், இரண்டு மாத இருப்பும் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

ஐந்தாம் மாதம், இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து திரும்பிய மறுநாள், இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. சொன்னபடியே ஜெல்லை நிறுத்திவிட்டு அன்று மதியமே வந்தார். அளந்தபோது இடது கால் வலது காலைவிட 2 சென்டிமீட்டர் பருத்திருந்தது. டாப்ளரில் அந்தச் சிரை முழுமையாக மடங்கவில்லை. முந்தைய ஸ்கேன் கையில் இல்லாதிருந்தால் இதைப் புதிய உறைவு என்று எழுதி, மூன்று மாதமாவது உறைதடுப்பு மருந்து தொடங்கியிருப்பார்கள். ஹார்மோனையும் நிரந்தரமாக மறுத்திருப்பார்கள். ஆனால் முதல் ஸ்கேனில் அளந்து வைத்திருந்த தழும்பின் தடிமனும் இப்போதைய அளவும் ஒன்றாகவே இருந்தன. புதிய உறைவு இருந்தால் இரத்தத்தில் உயரும் டி-டைமர் அளவும் இயல்பு. ஒரு வாரம் கழித்து மீண்டும் எடுத்த ஸ்கேனிலும் மாற்றமில்லை. பழுதடைந்த வால்வுகளால், நெடுநேரம் தொங்கவிட்ட காலில் நீர் கோத்த வீக்கமே அது. அழுத்தக் காலுறை கொடுத்து, இரண்டாவது ஸ்கேனுக்குப் பிறகே ஜெல்லை மீண்டும் தொடங்கினோம்.

பதினான்காம் மாதம் பித்தப்பைக் கல்லுக்காக நுண்துளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. தோல்வழி மருந்தை நிறுத்தாமலும் செய்யலாம் என்ற கருத்து உண்டு. ஆனால் இவருடைய வரலாற்றை எண்ணி நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்தினோம். அறுவை நாளிலிருந்து உறைவைத் தடுக்கும் எனாக்சாபரின் 40 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது; அன்று மாலையே எழுப்பி நடக்கவைத்தார்கள். ஜெல்லை நிறுத்திய பத்து நாட்களுக்குள் தகிப்பு பழைய வேகத்தில் திரும்பியதால், சிகிச்சையின் தேவை இன்னும் தீரவில்லை என்பதும் தெரிந்தது. அவர் முழுமையாக நடமாடத் தொடங்கியபின் அதே அளவில் மீண்டும் தொடங்கினோம்.

இரண்டு ஆண்டு முடிவில்

இரண்டு ஆண்டுகள் நிறைந்தபோது அவருக்குப் புதிய உறைவு எதுவும் வரவில்லை. தகிப்பு நாளுக்கு ஒன்றிரண்டு. விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். இடையில் இரத்தப்போக்கு ஏற்படவில்லை; கருப்பை உள்வரி 4 மில்லிமீட்டருக்குள். மேமோகிராம் இயல்பு. முதுகெலும்பின் அடர்த்தி மேலும் குறையவில்லை.

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகள் உறைவு வராதது, இந்த மருந்து பாதுகாப்பானது என்பதற்கான சான்றாகாது. ஜெல் இல்லாமலும் அவருக்கு வராமல் இருந்திருக்கலாம். இந்தப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது முடிவுக்கு வந்த முறையை மட்டுமே. ‘முன்பு உறைவு வந்த எல்லோருக்கும் ஜெல் கொடுக்கலாம்’ என்று இதை யாராவது படித்தால், அது எங்கள் கருத்துக்கு நேர் எதிரானது.

நடைமுறையில் மாற்றியவை

எங்கள் பிரிவின் கேள்வித்தாளில் ‘ஹார்மோன் மாத்திரை எடுத்ததுண்டா’ என்ற வரியை நீக்கிவிட்டு, ‘விசேஷத்துக்கோ கோயிலுக்கோ மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டதுண்டா, எப்போது, எத்தனை நாள்’ என்று எழுதியிருக்கிறோம். நாட்டுக்கட்டு போட்டதுண்டா என்பதையும், கடிந்துகொள்ள மாட்டோம் என்ற உறுதியோடு, கேட்கிறோம். இளம் பெண்கள் அந்த மாத்திரை கேட்டு வரும்போது, குடும்பத்தில் உறைவு உண்டா என்று விசாரிக்காமல் எழுதுவதில்லை.

பழைய உறைவு உள்ள எவருக்கும் சிகிச்சை எதுவாயினும் முதலிலேயே அளவுகளுடன் கூடிய டாப்ளர் எடுத்து, அதன் நகலை நோயாளியிடமே கொடுத்துவிடுகிறோம். பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி முதல் சந்திப்பிலேயே, தனிமையில் கேட்கிறோம். இவருக்குப் போல மூன்றாம் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பெண்ணின் சிகிச்சை ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஜெல்லைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்து, தகிப்பு திரும்பாவிட்டால் அத்தோடு விட்டுவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். உறைவு, புதிய இதய நோய், மார்பகத்தில் ஐயத்துக்குரிய மாற்றம், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே நிறுத்தப்படும். எலும்பு அடர்த்தியை அடுத்த ஆண்டு மீண்டும் அளக்கவிருக்கிறோம். ஜெல் நிறுத்தப்படும் காலத்தில் எலும்புக்கு மட்டும் வேறு மருந்து தேவையா என்பதை அப்போது முடிவு செய்ய வேண்டும். எலும்புப்புரைக்குத் தரப்படும் ரலாக்சிஃபீன் சிரை உறைவு அபாயத்தைக் கூட்டும் என்பதால், அந்த மருந்து இவருக்கு ஆகாது என்பதையும் கோப்பின் முதல் பக்கத்தில் குறித்து வைத்துள்ளோம்.